சுட்டிக்காட்டும் விரல், இயக்கும் விரல்

தம்பி, உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். சாயல்குடிப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியராக இருக்கிறீர்கள். கண்ட்ரோல் ரூமில் மவுஸ், கீபோர்டை எடுத்துவிட்டு 43 அங்குல டச் ஸ்கிரீன் இரண்டு வைக்கப் போகிறார்கள். "போன் மாதிரி இருக்கணும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை தானாப் போகணும்" என்று மேலே சொல்லிவிட்டார்கள். எந்த வேலைக்கு எந்த விரலசைவு, எத்தனை விரல், ஐம்பதைத் தாண்டிய ஆபரேட்டர்கள் எப்படிப் பழகுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அசைவுகளின் பட்டியலை எழுத உட்காரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ராத்திரி ஷிப்டில் பின்வரிசையில் உட்கார்ந்து, இப்போது இருக்கிற சாதாரண மானிட்டரை ஆபரேட்டர்கள் எத்தனை தடவை விரலால் தொடுகிறார்கள் என்று எண்ணுங்கள். தொடுவார்கள். "அண்ணே, இந்த பிரஷரப் பாருங்க, சாயங்காலத்துல இருந்து இறங்கிக்கிட்டே வருது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் விரல் கண்ணாடிமேல்தான் இருக்கும். ஷிப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் "ரெண்டாம் பம்ப்ல பேரிங் சூடு ஏறுது, அத நிறுத்தி நிறுத்தி ஓட்டாத" என்பார். சொல்கிறபோதே அந்தப் பம்பின் படத்தை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். முப்பது வருஷத்தில் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் மானிட்டர் கண்ணாடியில் ரேகைகள் அங்கங்கே திட்டாகப் படிந்திருக்கும். எந்தக் கருவி அதிகம் தொல்லை கொடுக்கிறது என்பதை அந்தத் திட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

கண்ட்ரோல் ரூமில் விரலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஒருவருக்கு ஒருவர் சுட்டிக்காட்டுவதுதான் அந்த வேலை. இதுவரை கண்ணாடிக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் ஆபத்தும் இல்லை. நாளைக்கு அதே கண்ணாடி தொடுதலை உணரும். சுட்டிக்காட்டும் பழக்கம் மட்டும் ஒரே நாளில் போகாது, போகவும் கூடாது. ஷிப்ட் கைமாற்றம் ஒழுங்காக நடப்பதில் பாதி அந்த விரலில்தான் இருக்கிறது. போனை நாம் தனியாகப் பார்க்கிறோம். கண்ட்ரோல் ரூம் ஸ்கிரீனை நான்கு பேர் சேர்ந்து பார்த்துப் பேசுகிறார்கள். "போன் மாதிரி" என்று சொன்னவர் இந்த வித்தியாசத்தை யோசித்திருக்க மாட்டார்.

அதனால் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் விதி இது: ஒற்றை விரலால் ஒருமுறை தொட்டால் ஆலையில் எதுவும் மாறக்கூடாது. தொட்ட பம்பைச் சுற்றி ஒரு கோடு ஒளிரட்டும், பக்கத்தில் அதன் விவரம் விரியட்டும். அது சுட்டிக்காட்டுகிறவருக்கும் உதவி, எதிரே நிற்பவரும் எந்தப் பம்ப் என்று சரியாகப் பார்ப்பார். பம்ப் ஓடுவதோ நிற்பதோ அந்தத் தொடுதலால் நடக்கக்கூடாது.

இதிலிருந்தே மிச்சமும் வருகிறது. விரலசைவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கான அசைவுகள் ஒரு பக்கம்: பெரிதாக்குவது, சிறிதாக்குவது, ட்ரெண்டை (அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைகோட்டை) முன்னும் பின்னும் தள்ளுவது, பக்கம் மாற்றுவது. இவற்றை அப்படியே போனிலிருந்து எடுங்கள். கிள்ளி விரித்தால் பெரிதாகும், தள்ளினால் நகரும் என்பது இன்று உச்சிப்புளிச் சந்தையில் கருவாடு விற்கும் அம்மாவின் விரலுக்கும் தெரியும். இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், தப்பாகத் தள்ளினாலும் நஷ்டமில்லை, திரும்பத் தள்ளிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் ஆலையை மாற்றும் செயல்கள்: பம்பை ஓட்டுவது, நிறுத்துவது, வால்வைத் திறப்பது, செட்பாயிண்டை, அதாவது கருவி பிடித்து நிற்க வேண்டிய அளவை மாற்றுவது, 'பார்த்துவிட்டேன்' என்று அலாரத்தை ஏற்றுக்கொள்வது. இந்தப் பக்கத்தில் போனின் அசைவு ஒன்றுகூட வரக்கூடாது. கை தானாகப் போகக்கூடாது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

டச் ஸ்கிரீன் போனோடு பிறந்தது என்று பலரும் நினைப்பதால் இந்த வரலாற்றை உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். 1965-ல் இங்கிலாந்தில் மால்வர்ன் நகரத்து ராடார் ஆய்வுக்கூடத்தில் ஈ.ஏ. ஜான்சன் தொடுதிரையைப் பற்றி எழுதியபோது அவர் மனதில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. 1970-களில் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பென்ட் ஸ்டும்பே செய்த தொடுதிரை, சூப்பர் புரோட்டான் சின்க்ரோட்ரான் என்னும் பெரிய துகள் முடுக்கியின் கண்ட்ரோல் ரூமுக்காக. சுவர் முழுக்கப் பொத்தான்களும் குமிழ்களும் வைக்க வேண்டிய இடத்தில், வேலைக்குத் தகுந்தபடி பெயர் மாறும் சில பொத்தான்களை ஒரே கண்ணாடியில் காட்டினார்கள். ஆக, பொருள் நம் தொழிலுடையதுதான். அந்த முதல் ஸ்கிரீன்களில் தள்ளுதல், கிள்ளுதல், சுழற்றுதல் எதுவும் கிடையாது. பெயர் எழுதிய பொத்தான், அதை அழுத்துதல், அவ்வளவுதான். விரலைத் தள்ளி விளையாடும் வழக்கம் 2007-ல் ஐபோன் வந்த பிறகு ஊரெல்லாம் பரவியது. ஆலையை இயக்கும் பக்கத்துக்கு அந்தப் பழைய எளிமை இன்றும் பொருந்துகிறது.

'இயல்பாக வரவேண்டும்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இயல்பு என்பது கை இதற்கு முன்னால் எங்கோ கற்றுக்கொண்டது. எங்கே கற்றது என்பதில்தான் சிக்கல்.

வால்வைத் திறக்கச் சுழற்றும் அசைவை வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், பார்வைக்கு அழகாக இருக்கும் என்று. வேண்டாம். ஃபீல்டில் வளர்ந்த ஆபரேட்டரின் கைக்கு, வலப்பக்கம் சுற்றினால் வால்வு மூடும், தண்ணீர் குறையும். வீட்டில் மிக்சி, ஃபேன் ரெகுலேட்டர், பாட்டுப்பெட்டி என்று பழகிய கைக்கு, வலப்பக்கம் சுற்றினால் அதிகமாகும். இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. பகலில் யோசித்துச் சரியாகச் சுற்றுவார். விடிகாலை மூன்று மணிக்கு, அலாரம் கத்தும்போது எந்தக் கை முந்திக்கொள்ளும் என்று அவருக்கே தெரியாது.

மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும் என்று வைக்கலாமா? நம் வீட்டுச் சுவர் ஸ்விட்சைப் பாருங்கள்: கீழே அழுத்தினால்தான் விளக்கு எரியும். அதே சுவரில் மீட்டர் பக்கத்தில் இருக்கும் எம்சிபியைப் பாருங்கள்: மேலே தள்ளினால்தான் மின்சாரம் வரும். ஒரே வீட்டில், ஒரே மின்சாரத்துக்கு, இரண்டு எதிரெதிர்ப் பழக்கம். இடம் வலமும் அப்படியே. நம் கடற்கரையில் ஆபரேட்டர்களில் சிலராவது கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும் என்பது அவர்கள் உடம்பில் ஏறிய அறிவு. ஸ்டியரிங் பிடித்தவரின் உடம்பில் நேர் எதிரானது ஏறியிருக்கும். யாருடைய இயல்பை வைத்து வடிவமைப்பீர்கள்?

என் தீர்ப்பு: திசையை மட்டும் நம்பி ஒரு கட்டளையும் வைக்காதீர்கள். 'ஓட்டு', 'நிறுத்து', 'திற', 'மூடு' என்று தமிழில் பெரிதாக எழுதிய பொத்தான்களுக்கு இரண்டு அர்த்தம் வராது. விதிவிலக்காக ஒன்றை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்: தொட்டி மட்டம், பிரஷர் போன்றவற்றை நிமிர்ந்த பட்டையாகக் காட்டினால், மேலே என்றால் அதிகம் என்பதில் யாரும் தடுமாறுவதில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த கண்கள் என்பதாலோ என்னவோ. ஆனால் அதுகூடக் காட்டுவதற்குத்தான். அதே பட்டையை விரலால் இழுத்து அளவை மாற்ற விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு கடற்கரையில் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். புதிதாக டேப்லெட் கொடுத்திருந்தார்கள். பம்புகளின் பட்டியல் மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு பம்பின் வரிசையிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நிமிர்ந்த ஸ்லைடர். ஆபரேட்டர் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார், கட்டைவிரல் ஒரு ஸ்லைடரின் மேல் விழுந்தது. பட்டியல் நகர்வதற்குப் பதில் பம்பின் வேகம் சரிந்தது. பிரஷர் விழுந்தது, இன்டர்லாக் (ஆபத்தில் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு) பிடித்து அந்தப் பம்புகளின் வரிசை முழுக்க ட்ரிப் ஆகி நின்றது. ஆள் நல்ல அனுபவசாலி. "நான் எதையும் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்தார், அவர் மனதளவில் அது உண்மை. பட்டியலைத்தான் தள்ளினார். பதிவைப் பார்த்துவிட்டு அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வடிவமைப்பின் பிழை என்று அன்று அழுத்திச் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. பார்ப்பதற்கான அசைவும் இயக்குவதற்கான அசைவும் ஒரே மாதிரி இருந்தால் பழி எப்போதும் விரலின் மேல்தான் விழும்.

உங்கள் ஆலைக்கு இது இன்னும் பொருந்தும். கடல்நீர் ஆர்ஓவில் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனுக்கு 60 பார் அளவில் அழுத்தம் கொடுக்கிறீர்கள். அந்த அழுத்தத்தை வினாடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது மெம்பிரேன் செய்பவர்கள் சொல்லும் அறிவுரை. கணக்குப் போட்டால் 60 பாருக்கு ஏற ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் வேண்டும். விரல் அதே தூரத்தைக் கால் வினாடியில் சறுக்கிக் கடந்துவிடும். பிஎல்சியில் (கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) ஏற்ற வேகத்துக்கு வரம்பு வைத்திருப்பீர்கள், வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தாலும், விரல் போன வேகத்தில் பிரஷர் போகவில்லை என்பதால் ஆபரேட்டர் இன்னும் தள்ளுவார், மறுபடி தள்ளுவார். எங்கே கொண்டுபோய் விட்டோம் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே அளவை மாற்றும் வழி இப்படி இருக்கட்டும். கருவியைத் தொட்டால் அதன் ஃபேஸ்பிளேட், அதாவது அந்தக் கருவிக்கான சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி, திரையில் திறக்கும். அதில் எண்ணை அடிக்கலாம், அல்லது கூட்டல், கழித்தல் பொத்தானால் சிறு படியாக மாற்றலாம். புதிய எண் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே வேறு நிறத்தில் நிற்கும், ஆலைக்கு இன்னும் போகாது. 'அனுப்பு' என்ற தனிப் பொத்தானை அழுத்திய பிறகுதான் போகும். சப்ஸ்டேஷன் ஆட்களுக்கு இது பழகிய வழக்கம்: பிரேக்கரை (மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியை) முதலில் தேர்ந்தெடு, அது தேர்வானதை உறுதிசெய்துகொள், அப்புறம் இயக்கு. மின்துறையின் ஐஇசி 61850 தரத்திலேயே இந்த இரண்டு படி முறை இருக்கிறது. வழுதூர் எரிவாயு மின் நிலையமோ கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமோ, நம் மாவட்டத்தில் மின்துறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த ஒழுக்கத்தை விளக்குவார்கள்.

இரண்டாவது படியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம். 'உறுதியா?' என்று கேட்கும் பெட்டி முதல் பொத்தான் இருந்த அதே இடத்தில், விரலுக்கு நேர் கீழே திறந்தால் அது இரண்டு படி ஆகாது. பதற்றத்தில் யாரும் இரண்டு தடவை தட்டுவார்கள்; இரண்டாவது தட்டு உறுதிப் பெட்டியின் 'ஆம்' மேல் விழும். உறுதிப் பொத்தான் குறைந்தது ஒரு கையகலமாவது தள்ளி இருக்க வேண்டும். கேள்வியும் 'உறுதியா?' என்று பொதுவாக இருக்கக்கூடாது. 'உயரழுத்த பம்ப் 2-ஐ நிறுத்தவா?' என்று கருவியின் பெயரோடு கேட்கட்டும். பொத்தானிலும் 'ஆம்' வேண்டாம், 'பம்ப் 2-ஐ நிறுத்து' என்று இருக்கட்டும். படிக்காமல் அழுத்தும் விரலைத் தடுக்க முடியாது, ஆனால் கண்ணுக்குப் படிக்க ஒரு வாய்ப்பு கொடுக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், பலன் பெரிது. விரல் கண்ணாடியில் இறங்கும்போது கட்டளை போகக்கூடாது, விரல் எழும்பும்போது போகட்டும். 1988-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எழும்பும்போது ஏற்கும் முறையில் பிழை குறைகிறது என்று கண்டார்கள். வேகம் சற்றுக் குறையும். நமக்கு அந்த வேகம் தேவையில்லை. தப்பான பொத்தானில் விரல் இறங்கிவிட்டால், எடுக்காமலே பக்கவாட்டில் வெளியே இழுத்துக்கொண்டு போய் எடுத்தால் கட்டளை ரத்து. இதை ஆபரேட்டர்களுக்கு ஒருமுறை காட்டினால் போதும், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். முழு வரிசையையும் நிறுத்துவது போன்ற பெரிய கட்டளைக்கு, ஒன்றரை வினாடி அழுத்திப் பிடித்தால்தான் ஏற்கும், பிடிக்கும்போது ஒரு வளையம் நிரம்பிக்கொண்டு வரும் என்று வைக்கலாம். நான் இதை இரண்டு இடத்தில் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

அவசர நிறுத்தத்தை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது கண்ணாடியில் இருக்கவே கூடாது. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பொத்தான், உள்ளங்கையால் அறைந்தால் இறங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும்; ஐஎஸ்ஓ 13850 சொல்லும் அவசர நிறுத்தம் அதுதான். ஸ்கிரீன் உறைந்து போகலாம், கம்ப்யூட்டர் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கலாம், கை நனைந்திருக்கலாம். "டச் ஸ்கிரீன்லயே வச்சிடலாமே, செலவு மிச்சம்" என்று யாராவது சொன்னால் எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

மறுப்புக்கு ஆதாரம் கேட்டால் ஒரு கப்பலின் கதையைச் சொல்லுங்கள். 2017 ஆகஸ்ட் 21 விடிகாலையில், சிங்கப்பூர் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் ஆல்னிக் எம்சி என்னும் டேங்கர் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் இன்ஜின் வேகத்தையும் டச் ஸ்கிரீன் வழியாக இரண்டு இருக்கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, வேகத்தோடு சுக்கானின் கட்டுப்பாடும் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டது. சுக்கான் பிடித்தவர் சுக்கான் வேலை செய்யவில்லை என்று நினைத்தார். வேகத்தைக் குறைத்தபோது, இரண்டு புரொப்பெல்லர்களின் கட்டுப்பாடும் இணைப்பிலிருந்து பிரிந்திருந்ததால் ஒரு பக்கம் மட்டும் குறைந்தது, கப்பல் இன்னும் திரும்பியது. வேகத்துக்கு இரண்டு இரும்புக் கைப்பிடிகள் அருகருகே இருந்திருந்தால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்பது இருட்டில் தடவினாலே தெரிந்திருக்கும். 2019-ல் அந்த வகைக் கப்பல்களுக்குக் கைப்பிடிகளையே திரும்பப் பொருத்துவதாகக் கடற்படை அறிவித்தது.

கைக்குத் தெரிவது என்றதும் எனக்குப் பாம்பன் பாலம்தான் ஞாபகம் வரும். சின்ன வயதில், கப்பல் போகப் பழைய பாலம் திறப்பதைக் கரையில் நின்று பார்ப்போம். 1914-ல் திறந்த பாலம் அது, நடுவில் இரண்டு இறக்கைகளாக விரியும் ஷெர்சர் தூக்குப் பகுதி. ஆட்கள் கூடி நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். இறக்கை அசையத் தொடங்கியது, காற்று எதிர்க்கிறது, எங்கோ பிடிக்கிறது எல்லாம் அவர்களுக்குக் கைப்பாரத்திலேயே தெரிந்திருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு மோட்டாரால் நேராக ஏறுகிறது. அது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் கையிலிருந்து பாரத்தை எடுத்துவிட்ட எந்த இயந்திரத்திலும், அந்தப் பாரம் சொல்லிக்கொண்டிருந்த சேதியைக் கண்ணுக்கு யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உங்கள் ஸ்கிரீனில் அந்த வேலை உங்களுடையது. பெரிய வால்வு ஒன்று முழுதாகத் திறக்க நாற்பது வினாடி எடுக்கும் என்றால், 'திற' என்று அழுத்தியவுடன் பச்சையாக மாற்றிவிடாதீர்கள். கட்டளை போனது ஒரு அடையாளம், வால்வு நகர்கிறது என்பது இன்னொரு அடையாளம், திறந்து முடித்தது மூன்றாவது. ஃபீல்டிலிருந்து லிமிட் ஸ்விட்ச் (வால்வு கடைசிவரை வந்ததை உணரும் ஸ்விட்ச்) சொன்ன பிறகுதான் மூன்றாவது வரவேண்டும். இல்லாவிட்டால், ஒன்றும் நடக்கவில்லையே என்று விரல் திரும்பத் திரும்பத் தட்டும்.

அலாரம் பற்றிச் சுருக்கமாக. போனில் வரும் அறிவிப்பைப் படிக்காமலே பக்கவாட்டில் தள்ளிவிடுவது இன்று எல்லோர் விரலிலும் ஊறிவிட்டது. அதே அசைவில் அலாரம் மறைந்தால், ஒரு மாதத்துக்குள் படிக்காமலே தள்ளப் பழகிவிடுவார்கள். 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. அந்த வெள்ளத்தில் தள்ளிவிடும் வசதி இருந்தால் எந்த மனிதனும் தள்ளித்தான் விடுவான். அலாரத்தைத் தொட்டால் அது எந்தக் கருவியோ அந்தப் படம் திறக்கட்டும், ஏற்றுக்கொள்ளும் பொத்தான் அங்கே இருக்கட்டும். கூடவே எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வராமல் இருந்தால் சமாளிக்கலாம் என்பது அலாரங்களுக்கான ஈமுவா 191 வழிகாட்டி சொல்லும் அளவு. அலாரம் மழையாகக் கொட்டும் ஆலைக்கு எந்த விரலசைவும் உதவாது.

இனி நம் ஊர்க் கை. வடிவமைப்புப் புத்தகங்களில் வரும் கை உலர்ந்தது, சுத்தமானது, குளிர்ந்த அறையில் இருப்பது. உங்கள் ஆபரேட்டர் கடல்நீர் எடுக்கும் இன்டேக் கிணற்றுப் பக்கம் போய்விட்டு வருகிறார். கையில் வியர்வை, கடல்நீர், கொஞ்சம் கிரீஸ். இப்போது வரும் ஸ்கிரீன்களில் பெரும்பாலானவை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஒரு துளி கண்ணாடியில் வழிந்தால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். தடித்த ரப்பர் கையுறையை உணராமலும் போகும். வாங்குவதற்கு முன்னால் விற்பவரை வரச்சொல்லி, கடல்நீரில் நனைத்த கையாலும் நீங்கள் பயன்படுத்தும் அதே கையுறையாலும் அவர் கண்ணெதிரே தட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்ற ஸ்கிரீனை எந்த வடிவமைப்பாலும் காப்பாற்ற முடியாது. துடைப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். உப்புப் படிவதால் தினமும் துணி போட வேண்டியிருக்கும், 'துடைக்க' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பது வினாடிக்கு எந்தத் தொடுதலையும் ஏற்காமல் இருக்க வேண்டும். நேரம் முடிவதைத் திரையிலேயே எண்ணிக் காட்டட்டும்.

பொத்தான் அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டு போனுக்குச் சொல்லும் குறைந்த அளவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். நீங்கள் இயக்கும் பொத்தான்களை 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், இடையில் 5 மில்லிமீட்டராவது வெறும் இடம் விடுங்கள். 'ஓட்டு', 'நிறுத்து' இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். 43 அங்குல ஸ்கிரீனைச் சுவரில் நிமிர்த்தி மாட்டி அதிலேயே எட்டு மணி நேரம் வேலை பார்க்கச் சொன்னால், இரண்டாம் நாளே தோள் வலி என்று வருவார்கள். நீட்டிய கை சீக்கிரம் சோரும், சோர்ந்த கை தப்பான இடத்தில் விழும். பெரிய ஸ்கிரீன் பார்ப்பதற்கு மட்டும் சுவரில் இருக்கட்டும், அதில் டச்சை அணைத்துவிடுங்கள். எல்லோரும் ஆசைதீரச் சுட்டிக்காட்டலாம். இயக்குவதற்கு 22, 24 அங்குலத்தில் ஒன்றை மேஜையில் சாய்த்து, முழங்கையை ஊன்றிக்கொள்ளும்படி வையுங்கள். மவுஸையும் கீபோர்டையும் எடுத்துவிடாதீர்கள். ஓர் ஓரத்தில் கிடக்கட்டும், ஸ்கிரீன் சொதப்பும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

எத்தனை விரல் என்பதற்குப் பதில்: ஒன்று, பெரிதாக்கச் சிறிதாக்க மட்டும் இரண்டு. மூன்று விரல், நான்கு விரல் அசைவுகளை வைக்க வேண்டாம். 2009-ல் ஜேக்கப் வாப்ராக், மெரிடித் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். தொழில்நுட்பம் தெரியாத 20 பேரை மேஜைத் திரை முன்னால் உட்கார வைத்து, முதலில் விளைவைக் காட்டினார்கள்: படம் நகர்கிறது, பெரிதாகிறது, மறைகிறது என்று. "இது நடக்க நீங்கள் கையால் என்ன செய்வீர்கள்?" என்று அப்புறம் கேட்டார்கள். 27 வேலைகளுக்கு 1080 அசைவுகள் கிடைத்தன. அதில் தெரிந்தது, எத்தனை விரல் வைக்கிறோம் என்பதை மனிதர்கள் கவனிப்பதே இல்லை. இரண்டு கையை விட ஒரு கையையே விரும்புகிறார்கள். நகர்த்துவது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள். உருவமில்லாத கட்டளைகளுக்கு ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள்.

இதையே உங்கள் ஆலையில் செய்யலாம், செலவே இல்லை. இப்போதைய திரைகளை ஏ3 தாளில் அச்சடித்து மேஜையில் பரப்புங்கள். நான்கு ஷிப்டிலிருந்தும் பன்னிரண்டு பேர் போதும். மூத்தவர், போன மாதம் சேர்ந்த கான்ட்ராக்ட் பையன், இடக்கைக்காரர் எல்லோரும் இருக்கட்டும். தமிழிலேயே, அவர்கள் பேசும் பேச்சிலேயே கேளுங்கள்: "அண்ணே, இந்த ட்ரெண்ட் நேத்து ராத்திரிக்குப் போகணும், விரலால என்ன செய்வீங்க?" சரி, தப்பு என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள். பன்னிரண்டில் பத்துப் பேர் ஒன்றுபோலச் செய்தால் அது அசைவு. ஆறு பேர் ஒரு மாதிரி, ஆறு பேர் வேறு மாதிரி என்றால் அங்கே அசைவு வேண்டாம், பெயர் எழுதிய பொத்தான் வையுங்கள். முடிந்தால் பாதிப் பேரிடம் பகலிலும் பாதிப் பேரிடம் ராத்திரி இரண்டு மணிக்கு மேலும் கேளுங்கள், தூக்கக் கலக்கத்தில் கை வேறு மாதிரி போகும்.

அதன் பிறகு எதிர்ச் சோதனை ஒன்று. ஸ்கிரீன் வந்து, ஆலையோடு இணைக்காமல் சிமுலேஷனில் ஓடும்போது, ஆபரேட்டர்களை வழக்கம்போல இருக்கச் சொல்லுங்கள். சுட்டிக்காட்டிப் பேசட்டும், டீ டம்ளரோடு குனிந்து பார்க்கட்டும், முழங்கை படட்டும், துடைக்கட்டும், ஷிப்ட் மாற்றட்டும். ஒரு வாரத்துப் பதிவை எடுத்து, யாரும் நினைக்காமல் போன கட்டளை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த அசைவை எடுத்துவிட்டு இன்னொரு வாரம் ஓட்டுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசுகிறவர்கள்தானே, பார்ப்பதற்கான அசைவுகள் அவர்களுக்கு வந்துவிடும். அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறு: எந்த வால்வு சொன்ன நேரத்தில் திறக்காது, எந்தப் பம்பை நிறுத்தினால் அடுத்து எது துள்ளும், எதை ராத்திரியில் தொடவே மாட்டார்கள் என்பது. எந்தப் பொத்தானைக் கொஞ்சம் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில்தான் கிடைக்கும். முதல் ராத்திரி எண்ணிக்கையை எடுத்ததும் எழுதுங்கள். எந்தப் படத்தின் மேல் அதிகம் தொடுகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தின் அமைப்பை அளவோடு வரைந்து அனுப்புகிறேன்.